இடிந்த கோட்டைக்குப் புதுப் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்கால் நீங்கலாக நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் உன் முகம் வாடித் தெரிந்தது, கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்கிறாய், நானும் உன் வயதில் என் அம்மாவிடம் இப்படித்தான் எதையாவது சொல்லி மழுப்புவேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பதால் இந்தச் சேதியைப் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோட்டைக்குப் பெயர் மாறிவிட்டது. பேசத் தெரிந்த நாளாய் நீ இடிந்த கோட்டை என்று சொன்ன இடம் இனி ‘என்றும் உறுதி அனுபவ மையம்’. ஒரு சிமெண்ட் கம்பெனி பராமரிப்புக்கு எடுத்திருக்கிறது. சிமெண்ட் விற்கிறவர்கள் இடிந்த கோட்டையில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாதாம், நியாயம்தானே. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு மேனேஜர் தம்பி வந்து கோட்டையில் வேலை பார்க்கிற எங்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தார். இடிந்த, விழுந்த, விரிசல், தோல்வி, இந்தச் சொற்களை வளாகத்துக்குள் யாரும் பேசக்கூடாது. சுவரில் இருக்கும் பெரிய உடைப்புக்கு இனிமேல் ‘வரவேற்பு வெளி’ என்று பெயர். கூட்டுகிற அக்கா, “அப்ப அங்க விழற கல்ல என்னன்னு சொல்லி அள்ளறது தம்பி?” என்று கேட்டாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் குறித்துக்கொண்டு போனார், பதில் இன்னும் வரவில்லை, கல் அங்கேயே கிடக்கிறது.

எனக்கு டிக்கெட் ஜன்னலில் ஒரு கஷ்டமும் இல்லை, வருகிறவர்களுக்கு ‘உறுதியான வணக்கம்’ சொல்லச் சொன்னார்கள், சொல்கிறேன், வாயா தேய்ந்துவிடப் போகிறது. அப்பாவுக்குத்தான் ஆகவில்லை. சுற்றிக் காட்டுகிற அவர் சொல்ல வேண்டிய கதையை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். எதிரிப் படை சுவரை உடைத்தபோது தச்சர்களும் துணி வெளுப்பவர்களும் வெறுங்கையோடு அந்த உடைப்பில் போய் நின்றார்கள், பிள்ளைகுட்டிகள் பின்வாசல் வழியாகத் தப்பும்வரை நின்றார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை என்று அப்பா சொல்வாரே, அது அந்தத் தாளில் இல்லை. புதுக் கதைப்படி அன்பு மிகுந்த ராஜா விருந்தாளிகளுக்காகச் சுவரைத் திறந்துவைத்தார். அப்பா தாளை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறார்கள், குடியிருக்கும் வீடும் கோட்டை ஊழியர்களுக்கானது. “ஊரோட ஒத்துப் போங்களேன்” என்று கெஞ்சினேன். “அங்க நின்னு செத்ததுதான் ஊரு, அதோடதான் ஒத்துப் போறேன்” என்றார். பேச்சில் அவரை யார் ஜெயிப்பது.

திறப்பு விழாவுக்குக் கம்பெனி முதலாளியம்மா வந்தார். அப்பாவைக் கண்ணில் படாமல் பின்னால் நிறுத்த மேனேஜர் தம்பி எவ்வளவோ பார்த்தார். அந்த அம்மாவே உடைப்பைக் காட்டி, “இது எப்படி ஆச்சு பெரியவரே?” என்று கேட்டுவிட்டார். “எதிரி அடிச்சதுல இடிஞ்சுதும்மா. கட்டினவன் கலவையில ஏமாத்திட்டான்” என்று தொடங்கிய அப்பா, நின்றவர்கள் செத்தவர்கள் என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஜன்னலில் இருந்தேன், கூட்டுகிற அக்காதான் ஓடிவந்து சொன்னாள், சாமான் கட்ட வீட்டில் கயிறு இருக்கிறதா என்றுதான் எனக்கு முதலில் யோசனை போனது. முதலாளியம்மாவுக்குக் கண்கூடக் கலங்கியதாம். பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, “அன்னைக்கு நம்ம சிமெண்ட் இல்லாம போச்சே!” என்றாராம். மேனேஜர் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்போது அதுதான் விளம்பரம். பஸ் நிலையத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு அப்பா உடைப்பைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கீழே ‘அன்று நாங்கள் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. எதிர்த்துப் பேசியவரைத் தலைமை வழிகாட்டி ஆக்கிவிட்டார்கள். படமெடுக்க வந்தபோது அவர் ஒன்றுதான் கேட்டார், கதையை முழுசாகச் சொல்வேன், யாரும் குறுக்கே வரக்கூடாது என்று. “தாராளமா சொல்லுங்க சார், அது நமக்கும் நல்லதுதான்” என்று மேனேஜர் சொன்னதில் அவருக்குச் சில நாள் சாப்பாடே இறங்கவில்லை. இப்போதும் பஸ் நிலையத்தைத் தவிர்த்து மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் போகிறார். புதுப் பெயர் ஊரில் ஒட்டவில்லை, கண்டக்டர் “இடிஞ்ச உறுதியெல்லாம் இறங்கு” என்று கத்துகிறார்.

போன வாரம் மத்தியானம் கூட்டுகிற அக்காவை ஜன்னலில் உட்காரவைத்துவிட்டு நானும் கூட்டத்தின் கடைசியில் போய் நின்றேன். கல்யாணமான நாளாக இந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் நின்று முழுதாகக் கேட்டதில்லை. விளம்பரத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் போகப்போக அடங்கிவிட்டார்கள். பின்வாசலில் தன் மகளை வெளியே அனுப்பிவிட்டு உடைப்புக்குத் திரும்பிய ஒருத்தியைப் பற்றி அப்பா சொன்னார். தான் திரும்பிப் பார்த்தால் பிள்ளையும் ஓடிவந்துவிடும் என்று அவள் கடைசிவரை திரும்பவே இல்லையாம். என்னால் அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “ஜன்னல்ல யாரு இருக்கா?” என்று கேட்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நிறைவாக வாழ வேண்டும். அந்த விளம்பரம் உன் போனுக்கும் வந்தால் பார்த்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. கதையைச் சொல்லச் சொல்லிக் கேள், அவசரமில்லாத நாளாகப் பார்த்து.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா