சக்கர மூடியில் என் பெயர்

புந்தோங், ஈப்போ

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அப்பாவின் மோரிஸ் மோட்டார் காடி மூவரும் நலம், ஆனால் காலையில் முனகாமல் கிளம்புவது நான் ஒருத்திதான். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய், நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு சரசா உனக்குப் போன் போட்டுக் கை கால் வைத்துச் சொல்லிவிடுவாள். போன சனிக்கிழமை பழைய காடிகளுக்குச் சாமான் விற்கிற கடையில், அத்தனை பேர் பார்க்க, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சக்கர மூடியை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தி அழுதேன். கல்யாணமான புதிதில் உன் அப்பா சமைத்துப் போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டபோதுகூட நான் அப்படி அழுததில்லை. இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் பாதியிலேயே நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், சொல்ல வேண்டியது நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

உன்னிடம் நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த சங்கதி ஒன்று இருக்கிறது. தீபாவளியிலிருந்து அப்பாவும் மரியதாஸ் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரே மாதிரி மோரிஸ் காடியை வைத்துக்கொண்டு, ஒரே எண்ணெயில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு, ஒருத்தர் காடியை இன்னொருத்தர் திட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பேர். தீபாவளிக்கு முன்னால் அப்பா காடிக்குச் சாயம் அடிக்க நான்கு சக்கர மூடிகளையும் கழற்றிப் பின்கட்டில் வைத்தார், திரும்ப மாட்டப் போனால் மூன்றுதான் இருக்கிறது. மரியதாஸ் மாமா காடியில் ஒரு சக்கரம் எத்தனையோ வருஷமாக மொட்டையாகத்தான் உருண்டுகொண்டிருந்தது, உனக்கே தெரியும். அதே வாரம் பார்த்தால் அந்தச் சக்கரத்தில் மூடி பளபளவென்று மின்னுகிறது. உன் அப்பா உடனே பெரிய துப்பறியும் புலியாகி, ரொட்டிக் கடையில் பழைய காடிக் கிளப்புக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, “மொட்டத் தலைக்குத் திடீர்னு தொப்பி எங்கேருந்துடா வந்துச்சு, என் வீட்டுப் பின்கட்டுலேருந்தா?” என்று கேட்டுவிட்டார். மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, “என்னைப் பாத்து இப்படிக் கேட்டுட்டல்ல கோபாலு, சரி, நல்லா இரு” என்று எழுந்து போய்விட்டாராம். எடுக்காதவன் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே என்று அப்பா குதித்தார். நானும் சும்மா இருந்தேனா, அந்தத் தீபாவளிக்கு மாமா வீட்டுக்கு முறுக்கு அனுப்பவில்லை.

இப்போது மாமா ஊரை விட்டே போகிறார். ரோஸ்லின் அத்தை போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறார் என்று ஜொகூரில் இருக்கிற மகன் வந்து கூப்பிட்டுவிட்டான், அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறார். இதை சரசா வந்து சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு போய், நிறுத்தியிருந்த காடிக்குள் உட்கார்ந்துவிட்டார். நான் போய், “எங்க போறீங்க, நானும் ஏறிக்கவா?” என்று கேலி பண்ணினேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்தார். சரி, அந்த ஒரு மூடியை எங்கேயாவது வாங்கி மாட்டிவிட்டால் மனிதருக்குக் கோபம் தணியும், மாமா போவதற்குள் போய் ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் நான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடை வாசலில் ஆள் உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறான், கடையை மூடுகிறோம், கடைசி நாள், எல்லாவற்றுக்கும் விலையில் அறுபது பெர்சன் கழிவு என்று. அந்தத் துணி வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. கடைசி நாள் என்கிறானே, நல்லவேளை வந்துவிட்டோம் என்று நான் செருப்பு அறுந்து போகிற மாதிரி ஓடியிருக்கிறேன். உள்ளே போன பிறகுதான் தெரிகிறது, கடையை மூடுகிறோம் மூடுகிறோம் என்று சொல்லியே அவன் தைப்பிங்கில் இரண்டாவது கடை திறந்துவிட்டானாம். ஜெகதீபன் என்று ஒரு பையன், நம் தமிழ்ப் பையன்தான், தலையில் தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக என்னமோ பசை தடவிக் கோழிக் கொண்டை மாதிரி நிறுத்தியிருந்தான். மோரிஸ் சக்கர மூடி என்று சொன்னதும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சாமி சிலையை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஒன்றை எடுத்தான். “ஆன்ட்டி, உங்க லக்கு, இது ஒண்ணுதான் இருக்கு. இங்கிலாந்து ஒரிஜினல். நானூறு வெள்ளி விலை, இன்னிக்கு மட்டும் நூத்தி அறுபது” என்றான். நானூறைச் சிவப்பில் அடித்து, கீழே நூற்றி அறுபது என்று போட்டு ஒட்டியிருக்கிறது. சந்தையில் கீரைக்கட்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிற உன் அம்மா விடுவாளா. ஒரிஜினல் என்று எப்படி நம்புவது என்று கேட்டேன். அவன் மூடியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டி, “இங்க பாருங்க, இதுதான் ஃபேக்டரி முத்திரை. இந்த மாதிரி எழுத்து இருந்தா இங்கிலாந்துலேயே செஞ்சது, டூப்ளிகேட்ல இது வராது” என்றான். விலை ஒட்டியிருந்த காகிதத்துக்கு வெளியே ஒரு கோடும் ஒரு சுழியும்தான் தெரிந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நகத்தால் காகிதத்தின் ஓரத்தைக் கிளப்பினேன். கிளம்பி வந்தது, அதற்கு அடியில் இன்னொரு காகிதம், ஐம்பது பெர்சன் கழிவு போக நூற்றி இருபது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதையும் உரித்தேன், அதற்கடியில் இன்னொன்று, கழிவு கிழிவு எதுவும் இல்லாமல் வெறும் எண்பது. வெங்காயம் உரிப்பதுபோல் உரிக்க உரிக்க விலை குறைகிறது யோகே! கழிவு இல்லாதபோது எண்பது, பாதிக்குப் பாதி கழிவு கொடுத்தபோது நூற்றி இருபது, அதற்கும் மேலே அள்ளிக் கொடுத்தபோது நூற்றி அறுபது. இவன் இன்னும் கொஞ்சம் கருணை காட்டினால் நாம் வீட்டையே எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்பதற்குள் அந்தக் கடைசிக் காகிதமும் கையோடு வந்துவிட்டது, அடியில் அவன் சொன்ன இங்கிலாந்து முத்திரை முழுசாகத் தெரிந்தது.

கோ. பூங்காவனம்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், ஆனால் என் பெயரைப் படிக்க ஒருநாளும் தடுமாறியதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கிற மூடியெல்லாம் சரசா வீட்டுக்குப் போய்விடுகிறது என்று, ஒரு சாக்கு நிறைய மூடிகளைப் பாத்திரக் கடைக்குத் தூக்கிப் போய்ப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தேனே, நீ அப்போது லீவில் வந்திருந்தாய். முறுக்குக் குண்டானுக்கு அளவாக மூடி கிடைக்காமல் அப்பா கழற்றி வைத்ததில் ஒன்றை எடுத்து மூடியிருந்தேன், பிறகு அதை மறந்தே போனேன், அதுவும் சாக்கோடு போயிருக்கிறது, பெயர் வெட்டுகிறவரும் சாக்கில் வந்ததையெல்லாம் வெட்டித் தள்ளியிருக்கிறார். பிறகு தீபாவளிக்கு வீடு ஒழித்தபோது, பழைய பேப்பர் பழைய இரும்பு என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு லாரி வந்தது, நசுங்கிய மூடிகளையெல்லாம் பார்க்காமல் அள்ளிப் போட்டேன், அதோடு இதுவும் போயிருக்கிறது. அவன் கொடுத்த காசுக்கு நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டேன், அதைக்கூட அப்பாவுக்குப் பங்கு கொடுக்கவில்லை. ஆக, மரியதாஸ் மாமாவைத் திருடன் என்று ஊரில் சொல்ல வைத்த கள்ளி நான்தான் என்று அந்தத் தரையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிகிறது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பையனோ விலைக்காக அழுகிறேன் என்று நினைத்து, “அழாதீங்க ஆன்ட்டி, அறுபத்தஞ்சு பெர்சன் போட்டுத் தரேன்” என்கிறான். நான் இன்னும் அழுதேன், எழுபது என்றான். “டேய் தம்பி, அது ஃபேக்டரி முத்திரை இல்லடா, என் பேரு” என்றேன். “உங்க பேர்ல ஃபேக்டரியா ஆன்ட்டி?” என்று வாயைப் பிளக்கிறான், பாவம், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதற்குள் கடையில் இருந்த மற்றவர்கள் அவரவர் கையிலிருந்த விளக்கையும் கண்ணாடியையும் திருப்பி நகத்தால் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், “ஐயோ, இதுல நாலு இருக்குயா!” என்று அலறினார். அதைப் பார்த்ததும் பையன் என் கையைப் பிடித்துத் தூக்கி, லாரிக்காரனிடம் வாங்கிய விலையையே கொடுத்தால் போதும், தயவுசெய்து வீட்டில் போய் அழுங்கள் என்று அனுப்பிவைத்தான். நான் விற்றதை நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மூடியை மேசையில் அப்பா முன்னால் கவிழ்த்து வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஊரெல்லாம் கள்ளனத் தேடுனேன், அவ எனக்கே சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கா” என்றார். சிரிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால் உதடு கோணிக்கொண்டு போகிறது. “பூங்கா, அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?” என்று கேட்டார். என் மேல் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சட்டையை மாட்டுங்கள், இப்போதே போவோம், முழிப்பதை அங்கே போய் முழிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

சிலிபினில் இருக்கிற மாமா வீட்டு வாசலெல்லாம் பெட்டி. எங்களைப் பார்த்தும் மாமா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. அப்பா மூடியை நீட்டி நடந்ததைச் சொன்னார், “தப்புப் பண்ணிட்டேன் தாசு, அடிக்கணும்னா அடி” என்றார். நானும், “அண்ணே, என்னையும் சேத்து அடிங்க, முறுக்கும் அனுப்பாம விட்டேன்” என்றேன். மாமா கையிலிருந்த சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு எழுந்து எங்களை அவர் காடிக்கிட்டே கூட்டிப் போய், அந்த நாலாவது மூடியை ஒரு திருப்புத் திருப்பிக் கழற்றிக் கையில் கொடுத்தார். பார்த்த நான் அதிர்ந்துபோய்விட்டேன் யோகே. அது மூடியே இல்லை. அவர் வீட்டு நாய் டைகர் சோறு தின்கிற எவர்சில்வர் தட்டு! ஓட்டை போட்டு, ஓரத்தைத் தட்டி, பளபளப்பாக்கி மாட்டியிருக்கிறார். நாய்க்கு வாழையிலையில் போடுகிறாராம். அப்பா, “அட பாவி, அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே!” என்று கத்தினார். மாமா கத்தவில்லை. “யார் காடியப் பாத்தாலும் ஒரிஜினல் இல்ல, ஒரிஜினல் இல்லன்னு கிளப்புல மானத்த வாங்குனவன் நான். திருடன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்கிட்டேன் கோபாலு. நாய்த் தட்டுன்னு நானே வாயால சொல்லிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த ரொட்டிக் கடையில உக்காருவேன்?” என்றார். இதற்காகவா ஒரு மனுஷன் இத்தனை மாதம் பேச்சு இல்லாமல், தனி வீட்டில், பண்டிகைக்குக்கூட யாரும் வராமல் கிடந்தார் என்று நினைத்தால் இப்போது எழுதும்போதுகூட எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்து என் பெயர் வெட்டிய மூடியை மாமாவின் சக்கரத்தில் மாட்டினார். மாமா கையைப் பிடித்துத் தடுத்தார், “இது உன்னோடதுடா” என்றார். “உள்ள என் பேரா இருக்கு? அவ பேருதான் இருக்கு, அவகிட்டக் கேளு” என்றார் அப்பா. நான், “எடுத்துக்குங்க அண்ணே, என் பேராவது ஜொகூர் வரைக்கும் உருண்டு போகட்டும்” என்றேன். அப்போதுதான் மாமா சிரித்தார், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய்த் தட்டு இப்போது நம் காடியில். மாமா கிளம்புகிற அன்று அப்பா தாப்பா டவுன் வரைக்கும் அவர் காடிக்குப் பின்னாலேயே ஓட்டிப் போய் விட்டுவிட்டு வரப்போகிறாராம். ஜொகூரில் மகன் இருப்பது அடுக்குமாடி வீடு, நாய் வைக்க விடமாட்டார்களாம், அதனால் டைகர் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் அறையில்தான் படுக்கிறது, உன்னைவிட அறையைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

நீ எழுபது பெர்சன் கழிவில் குளிர்க் கோட்டு வாங்கினேன் என்று பெருமையடித்தாயே, அதில் ஒட்டியிருக்கிற விலைக் காகிதத்தை நகத்தால் உரித்துப் பார், எத்தனை அடுக்கு என்று எனக்குச் சொல். கோட்டு மட்டும் போதாது, காலுறை இரண்டு போடு. மரியதாஸ் மாமா போவதற்குள் மறக்காமல் அவருக்கு ஒரு போன் போடு, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார், நாய்த் தட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. மாரியாத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனுஷங்களாகவே அமையட்டும்.

இப்படிக்கு,
இங்கிலாந்து முத்திரையாகிய உன் அம்மா,
கோ. பூங்காவனம்

பி.கு. இதைக் காடிக்குள் உட்கார்ந்தே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் போட நானும் அப்பாவும் காடியில் கிளம்பினோம். டைகர் அதன் தட்டு உருண்டு போவதைப் பார்த்துவிட்டு முச்சந்தி வரைக்கும் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தது. அப்பா பிரேக் போட்டார். காடி நின்றது, தட்டு நிற்கவில்லை, எங்களை முந்திக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. நாய் இறங்கியது, பின்னாலேயே அப்பாவும் இறங்கினார். நாய் தட்டைக் கவ்விக்கொண்டு ஏறி வந்துவிட்டது. அப்பா இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.