நிலக்கரியில் பூத்த செம்பருத்தி

அன்புள்ள கோபக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீ உன் அக்கா வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்தாலும் எனக்கொன்றும் இல்லை.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மழை பெஞ்சதைச் சொல்றீங்க, இன்னிக்குத் துணி காயப் போடலாமான்னு சொல்லத் தெரியல" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாயே, அதே ஆராய்ச்சியில் போன வாரம் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன். நிலக்கரியைக் கரைத்து, அதில் எஞ்சிய மகரந்தத்தை வைத்துத்தானே அந்தக் காலத்துக் காட்டையும் மழையையும் கணிக்கிறோம்? நுண்ணோக்கியில் முள் முள்ளாக ஒரு மகரந்த உருண்டை தெரிந்தது. ஆய்வகத்தையே கூட்டிவிட்டேன்.

எங்கள் தலைவி அம்மா குனிந்து பார்த்தார்.

"இது செம்பருத்திங்க. அந்தக் காலத்து மகரந்தமெல்லாம் பூக்காத மரங்களோடது, உலகத்துலயே பூ கிடையாது. உங்க சட்டைக் கையைக் காட்டுங்க."

கை முழுக்க மஞ்சள் பொடி.

"என் மனைவியோட செடி. அவதான் அதைக் கட்டிக்கிட்டு அழறா" என்றேன்.

"அவங்க ஊருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சேங்க. உங்க மூக்குலயும் ஒட்டியிருக்கு பாருங்க."

கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர்வரை எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் செடியை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்று காலை ஏழு பூ பூத்திருக்கிறது. சுவர் ஓரத்து மொட்டு நாளைக்கு விரியும்.

இன்னொன்று. வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே மழை வராது. துணி காயப் போடலாம், ரயில் ஏறி வரலாம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு,
உன் வானிலை நிபுணன்