ஒட்டுத் தெரியாத சுவர்

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ பிறந்த அன்று உன் விரல்களைப் பார்த்து, இவள் ஒரு நாள் சுவரைப் பேச வைப்பாள் என்று சொன்னவன் நான். உன் அத்தை சாட்சி. அவள் மறந்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

என் முன்னறைச் சுவரில் நீ அலை அலையாய்ப் பூசிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இதுவரை பார்க்க வந்தவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். குறைத்துத்தான் சொல்கிறேன். செருப்பு விட இடமில்லை. வெடிப்பும் பொருக்குமாக, மருந்து குடித்த முகம் போல இருந்த சுவர் அது. இப்போது விளக்கைப் போட்டால் ஒவ்வொரு அலைக்கும் கீழே ஒரு நிழல் விழுகிறது. சாப்பாட்டுத் தட்டோடு அதன் எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஒரு தப்பு என்மேல் உண்டு. சுவரில் அப்பிய பட்டி மாவு இறுகுவதற்குள், அலை போடும் பூச்சுச் சீப்பைச் சுவர் முழுக்க ஒரே மூச்சில் இழுத்துவிட வேண்டும், நடுவில் கூப்பிடாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். டீ ஆறுகிறதே என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். நீ திரும்பிப் போவதற்குள் பாதிச் சுவர் காய்ந்துவிட்டது. என்னைத் திட்டக்கூட இல்லை. பூச்சுக் கரணையின் நுனியால் என்னவோ செய்து இரண்டு பாதியையும் சேர்த்துவிட்டாய். முந்நூறு பேரில் ஒருவருக்கும் அந்த ஒட்டுத் தெரியவில்லை.

ஒருவருக்குத் தெரிந்தது. நேற்று உன் அப்பா வந்திருந்தார்.

ஆமாம், அவரேதான். தையல் கடையை ஏற்று நடத்தாமல் சாந்துச் சட்டி தூக்கப் போனாய் என்று இரண்டு வருஷமாக உன்னோடு பேச்சை நிறுத்திய மனிதர். தையல் கொஞ்சம் கோணினால் முழுச் சட்டையையும் பிரித்துப் போடுவதால் நாம் 'அரை இஞ்சு' என்று பட்டப்பெயர் வைத்த ஆள். சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஒட்டு வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என் பொண்ணு என்னைவிட நல்லா தைக்கிறா."

நான் அழவில்லை. உன் அத்தைதான் அழுதாள். உடனே கிளம்பி வீட்டுக்குப் போ. இது தாய்மாமன் உத்தரவு.

எட்டாம் வகுப்பு வரை கரைத்துக் குடித்த
உன் மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

முந்நூறு பேரா? அத்தையிடம் கேட்டேன். ஏழு பேராம். அதில் ஒருவர் மீட்டர் பார்க்க வந்தவராம்.

உங்கள் கடிதத்தை நாலு நாள் பையிலேயே வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் பஸ் ஏறினேன். அப்பா மெஷினில் இருந்தார். நிமிரவில்லை. போ என்று சொல்லிவிடுவாரோ என்று கடை வாசலைத் தாண்டாமல் நின்றேன். பேச வேறு எதுவும் தோன்றாமல், நீங்கள் எழுதியதை அப்படியே சொல்லி, "நிஜமாவே அப்படிச் சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன்.

மெஷின் நின்றது. "உன் மாமனா எழுதுனான்?" என்றார். ஆமாம் என்றேன். தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். அதற்கு ஒரு யுகம் ஆனது மாமா.

"ஆமா, சொன்னேன்."

அப்புறம், துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பூச எத்தனை நாளாகும் என்று விசாரித்தார். இன்றைக்குப் பட்டி போட்டுச் சீப்பு இழுத்தேன். முடிகிறவரை யாரும் என்னை டீக்குக் கூப்பிடாதபடி அப்பா வாசலில் காவல் நின்றார்.

நீங்கள் அன்று கூப்பிடாவிட்டால் ஒட்டு ஏது, அவர் விரல் நிற்பது ஏது? அந்த டீக்கும் சேர்த்து நன்றி மாமா.

உங்கள் மருமகள்

மார்ச் 21

அன்பு மருமகளுக்கு,

அந்த டீ நான் யோசித்துக் கொடுத்தது. சீனி போடும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட உன் அத்தை, இப்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒன்றை எழுத வைக்கிறாள். உன் அப்பா வந்தது நிஜம். விரல் நின்றதும் நிஜம். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, மூலையிலிருந்து ஒட்டு வரைக்கும் அளந்தார். நம்பாத மாதிரி மறுபடியும் அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வாயே திறக்கவில்லை.

"ஆமா, சொன்னேன்" என்று உன்னிடம் சொன்னாரே, அது அவருடைய சொந்த வார்த்தை. அப்போது நான் அங்கே இல்லை. அதற்காக அவருக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்.

என் முதல் கடிதத்தில் அவர் சொன்னதாக எழுதிய அந்த வரி மட்டும் நான் தைத்தது.

உன் மாமா