அந்த ஊக்கு உன்னுடையது, கோமதி

என் செல்லக் கோமதிக்கு,

நேற்று மத்தியானம் ரேவதி போன் செய்தாள். லைப்ரரிக்குள் பேசினால் வாசல் வரைக்கும் கேட்குமே, அதே குரல்தான் இன்னும். அண்ணாமலை நகரில் நம்மோடு பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். அட்டையில் உன் போட்டோ, உள்ளே ஆளுக்கு ஒரு பக்கம்.

"நீ ரெண்டு குடுடி உமா," என்றாள். "கோமதியப் பத்தி ஒண்ணு. அப்புறம் செகண்ட் இயர்ல உங்கம்மாவப் பத்தி எழுதுனியே, அந்த ஊக்கு கட்டுரை, அதையும் போட்ரலாம். அன்னிக்கி கிளாஸே அழுதுச்சில்ல? கோமதிக்கும் அது ரொம்பப் புடிக்கும்டி."

பின்னால் அடுப்படியில் என் அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நம் தோழிகளைப் பொறுத்தவரை என் அம்மா செத்து வருஷக்கணக்காகிறது. நீ போய் மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு சாவையும் பற்றி நான் அவர்களிடம் உண்மை பேசியதில்லை.

அதனால் இதை உனக்கு எழுதி ரேவதிக்கு அனுப்பப்போகிறேன். எல்லோரும் படிக்கட்டும். நீ இருந்திருந்தால், "வேணாம் வுடுடி, இப்ப எதுக்கு அது?" என்றுதான் சொல்லியிருப்பாய். நீ அப்படிச் சொல்லிச் சொல்லியே நான் தப்பித்துக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, அந்த வகுப்பு? அதுவரை நாம் எல்லோரும் நோட்ஸ் படித்துப் பாஸானவர்கள்தானே. சூரிய உதயம் என்றால் ஒரு பக்கம், மழைக்காலம் என்றால் ஒரு பக்கம், வரிக்கு வரி மனப்பாடம். கட்டுரை வகுப்பெடுக்க மேடம் வந்து, "இனிமே புக்கில் இருப்பது எனக்கு வேண்டாம், உங்களுடையதை எழுதுங்கள்" என்று சொன்னபோது நாற்பது பேரும் விழித்தோம். நான் வழக்கம்போல ஒரு சூரிய உதயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அழகாக இருக்கிறது. இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. நான் எங்கே இருக்கிறேன்? கம்மாபுரத்தில் கொஞ்சம் நிலம், நாலு முந்திரி மரம், திட்டித் திட்டியே சோறு போடும் அம்மா. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வாரம்தான் நீ என்னிடம் சொன்னாய். நாம் தங்கியிருந்த லாட்ஜின் மாடியில், குழாயடியில் உட்கார்ந்து இருவரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை, நல்ல வெயில். நான் ஏதோ என் அம்மாவைக் குறை சொன்னேன். நீ துவைப்பதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாய்.

கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் உங்கள் குப்பம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீ ப்ளஸ் டூ டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். தாவணிக்கு ஊக்கு இல்லை என்று அம்மாவின் தாலிக் கயிற்றில் இருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டாய். கரைக்குப் போகும் வழியில் கூடைக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னார்கள் உன் அம்மா. "மீன் வாடையோட நான் எப்புடிப் போறது? எங்கிட்டப் பேசாத போ," என்று கத்திவிட்டு நீ பஸ் ஏறினாய். மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தவர்களில் யார் உன் அம்மா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கயிற்றைப் பார்த்தாய். நாலு ஊக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. நாலாவது உன் தாவணியில் இருந்தது.

"ஸ்கூல்ல எல்லாரும் என்ன சுனாமிப் பொண்ணுன்னே கூப்புட ஆரமிச்சிட்டாங்க," என்றாய். "இங்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுடி. எங்கம்மா ஊர்ல இருக்காங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை, கோமதி. எழுதிவிட்டேன்.

கம்மாபுரத்தில் கடல் ஏது? அதனால் உன் கடலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு லாரியை வைத்தேன். மீன் கூடையை முந்திரி மூட்டை ஆக்கினேன். மண்டபம் ஆஸ்பத்திரி வராண்டா ஆனது. ஊக்கை மட்டும் மாற்றவில்லை. அதுதான் நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உன் துக்கத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுத இப்படி ஒன்று உன்னிடம் இருந்தும் நீ எழுதவில்லையே என்று எரிச்சலாகக்கூட இருந்தது. எவ்வளவு கேவலமான மனசு எனக்கு.

வீட்டைப் பற்றி உன்னைத் தவிர வகுப்பில் யாரிடமும் நான் பேசியதில்லை. எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரிந்து முடிந்துவிடும் என்று நம்பினேன். அவரோ அதை வகுப்பில் உரக்கப் படித்தார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இரண்டாவது வரியிலேயே உனக்குப் புரிந்திருக்கும். ரேவதி விசும்பினாள், முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்து அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, பயத்தில். நீ என் முதுகில் கை வைத்து, எல்லோரும் பார்க்க, "அழாத உமா," என்றாய்.

உன் அம்மாவுக்காக ஒரு வகுப்பே அழுதது. ஆறுதல் எல்லாம் எனக்கு வந்தது.

அறைக்கு வந்ததும் நீ என்னை அறைந்திருக்கலாம். கட்டுரையைக் கேட்டு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து மெதுவாக ஒரு தடவை படித்தாய். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எங்கம்மாகிட்ட நான் பேசாத போன்னு சொன்னேனே, அத ஏன் வுட்டுட்ட?"

கட்டுரையில் நான் நல்ல மகளாகத்தானே தெரியவேண்டும்?

"அதுதான்டி விஷயமே," என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், இப்போது பள்ளிக்கூடத்தில் பாடமும் எடுக்கிறேன். எழுதுவதைப் பற்றி அதைவிடச் சரியாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

மாதம் ஒன்றுகூட ஆகியிருக்காது. புதன்கிழமை மத்தியானம், வகுப்பு வராண்டாவில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் வந்து இறங்கி, ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள் என் அம்மா. கல்லூரிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

நீ எழுந்து ஓடினாய். "அம்மா!" என்று கத்திக்கொண்டே போய்க் கட்டிக்கொண்டாய்.

"எங்கம்மா. ஊர்லேர்ந்து வந்திருக்காங்க," என்று எல்லோரிடமும் சொன்னாய். கொஞ்சமும் தடுமாறவில்லை. நீ அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாள் ஆகியிருக்கும்? அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சேர்க்கை அன்று லாட்ஜில் உன்னை ஒரு தடவை பார்த்ததோடு சரி. ரேவதி கூடைக்குள் எட்டிப் பார்த்து, "உமாவுக்கும் சேத்தாம்மா கொண்டாந்தீங்க? பாவம், அவளுக்குத்தான் அம்மா இல்லியே," என்றாள்.

அம்மாவின் முகம் ஒரு நொடி என்னவோ போல ஆனது. பிறகு, "ஆமாம் பாப்பா, ரெண்டு பேருக்குந்தான் கொண்டாந்தேன்," என்றாள். உன் கன்னத்தைத் தடவி, "எளச்சிப் போயிட்டியேடி," என்றாள். உன் துப்பட்டா நழுவியது. அம்மா தாலிக் கயிற்றில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றி உன் தோளில் குத்திவிட்டாள்.

நீ அசையாமல் நின்றாய். ரேவதி சட்டென்று என் தோளைப் பிடித்து, "நீ பாக்காத உமா, வா," என்று அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் மனசு தங்கம். நானும் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா கேட்டாள், "என்னடி, என்னச் சாவடிச்சிட்டியா?"

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் புள்ளைக்குத்தான் அம்மா இல்லியா?" என்றாள். நான் தலையாட்டினேன். அடுத்த தடவையிலிருந்து கூடையில் எல்லாமே இரண்டு இரண்டாக வந்தது. பொங்கலுக்கு நீ கம்மாபுரம் வந்தாய். எங்கள் வீட்டில் உனக்கென்று ஒரு தட்டு ஆயிற்று. சில நாள் உன்னிடம் அம்மா ஜாஸ்தி பேசுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வரும்.

மூன்றாம் வருஷம் நீ வகுப்பில் படித்தாயே, 'என் அம்மா' என்று, என் அம்மாவைப் பற்றி. பஸ்ஸில் கூடைக்கு சீட் பிடித்துவிட்டுத் தான் நின்றுகொண்டே வருவாள் என்று எழுதியிருந்தாய். நெஞ்சில் அன்பு வந்தால் வாயில் திட்டு வரும் என்று எழுதியிருந்தாய். வகுப்பே சிரித்தது. இருபது வருஷம் கூடவே இருந்து நான் பார்க்காததை எல்லாம் நீ பார்த்திருந்தாய்.

"உங்கம்மாவப் பத்தி எழுதேன்டி," என்று அன்று கேட்டேன்.

"அதான் எழுதியாச்சே. நீதான் எழுதிட்டியே," என்றாய். உன் முகத்தில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாம்.

ஃபேர்வெல் அன்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். சொல்லவில்லை. அப்புறம் நீ கடலூரில் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர், நான் சிதம்பரத்தில். ஒவ்வொரு லீவுக்கும் வந்தாய். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை நீ. கேட்காமல் இருப்பதற்கு உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்?

காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நாங்கள் கடலூர் வந்து சேர்ந்தபோது உன் அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைலியோடு நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "ஒருத்தர்தான் உள்ள வரலாம். பேஷண்ட்டோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

உன் அப்பா என் அம்மாவைப் பார்த்தார்.

"நான்தாம்மா," என்று சொல்லிவிட்டு அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே நின்றேன். உன்னிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, ஆறு வருஷமாக. கதவுக்கு இந்தப் பக்கமே அது நின்றுபோயிற்று. மறுநாள் நீ இல்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு ரேவதி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பெத்த வயிறு எப்புடித் தாங்குமோ," என்று அழுதாள். அம்மாவும் அழுதாள், அது நடிப்பில்லை. பிறகு ரேவதி என்னிடம் வந்து, "ஒனக்கு அம்மாவும் இல்ல, இப்ப கோமதியும் இல்லியேடி," என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன், கோமதி.

வீட்டில் உனக்குப் பட்டுப்புடவை சுற்றும்போது தோளில் நிற்கவில்லை. அம்மா குனிந்து தன் கயிற்றில் இருந்து ஒரு ஊக்கை எடுத்துக் குத்தினாள். உன் அம்மாவின் ஊக்கை நீ எங்கே வைத்திருந்தாய்? அதையும் உன்னோடு அனுப்பியிருக்கவேண்டும். யாருக்கும் தேடத் தோன்றவில்லை.

நேற்று போனை வைத்ததும் அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டாள், "என்ன சொல்றா ரேவதி?" சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு, "நான் செத்ததா இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லடி," என்றாள். "ஆனா அந்தப் பொம்பள பாவம். கடல்ல போனவள லாரில போனதா எழுதி வச்சிருக்கியே. அவ பொண்ணாலகூட அவளுக்காக நாலு பேரு முன்னாடி அழ முடியாமப் போச்சே."

அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரேவதி, மற்றவர்களே, இப்போது உங்களுக்குத் தெரியும். அன்று நீங்கள் அழுதது கோமதியின் அம்மாவுக்காக. என் அம்மா உயிரோடு இருக்கிறாள். என்னைத் திட்டுங்கள். ஆனால் அந்த அழுகையைக் கோமதியின் அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோமதி, அந்தக் கட்டுரையைப் புத்தகத்துக்கு அனுப்புகிறேன். லாரியை எடுத்துவிட்டேன், கடலை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். நான் விட்டுவிட்ட அந்த வரியை, 'எங்கிட்டப் பேசாத போ' என்பதை, முதல் வரியாக வைத்திருக்கிறேன். மேலே உன் பெயர் மட்டும்தான் இருக்கும். இனி எதை எழுதினாலும், என் மேல் தப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு எழுத மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. ஃபேர்வெல் அன்று தந்தது போல இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் குப்பத்துக்கு வருகிறோம், உன் அப்பாவைப் பார்க்க. அம்மா இப்போதே கூடையை எடுத்து வைத்துவிட்டாள். பழக்கதோஷத்தில் எல்லாம் இரண்டு இரண்டாக எடுத்து வைக்கிறாள். நான் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
நம் அம்மாவின் இன்னொரு மகள்,
உமா