ஜெனி வீட்டுக்கு இசக்கியைத் தூக்கிப்போனேன்

என் செல்லத் தங்கச்சி ஜெனிக்கு,

சாகிற வயசா உனக்கு? உன் கூட்டாளிப் பிள்ளைகள் நாளைக்கு உன் படத்துக்கு முன்னால் என்னைப் பேசச் சொல்கிறார்கள். எனக்குப் பேச வராது, அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கீழவைப்பாரில் எங்கள் தெருவுக்கு நீங்கள் முதலில் வந்தபோது, நான் உப்பளத்தில் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தில்லாமல் மெலிகிற குழந்தைகளுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் நீங்களே ஆரம்பித்த சங்கம் என்றீர்கள். என் இளையவள் இசக்கியின் கையில், சதைப்பிடிப்பை அளக்கிற வண்ண நாடாவை நீ சுற்றினாய். அளவு, ஆபத்து என்று காட்டுகிற சிவப்பில் நின்றது.

"எங்க வீட்டு வாகு அப்படி. எல்லாரும் ஒல்லிதான்" என்றேன்.

"ஒல்லி இல்லக்கா. பிள்ள பசியில கெடக்கா."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? நீ போனபிறகு அந்தக் கையை என் விரலால் சுற்றிப் பார்த்தேன். கோபம் போய் பயம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று நீ சொன்னதும் என் வீட்டுக்காரர் மறுத்தார். "இவ அங்கன போய்க் கெடந்தா மூத்தவன யாரு பாக்கது?"

"நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்றாய். வாய்வார்த்தை என்றுதான் நினைத்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் உங்களில் ஒருத்தி பஸ் ஏறி வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் இசக்கி சோறு கேட்டு வீறிட்டு அழுதாள். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள். அந்த அழுகைக்கு நீ கைதட்டினாயே!

போன மழையில் உனக்குக் காய்ச்சல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை உன் கூட்டாளி ரம்யா மட்டும் வந்தாள். "ஏளா, ஜெனி எங்க?" என்றேன். அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

உன் வீட்டைத் தேடித் தூத்துக்குடிக்குப் போனேன். கதவைத் திறந்த உன் அம்மா, "யாரும்மா நீ?" என்றார்கள். என்ன சொல்ல? உறவா, ஒரே ஊரா? இடுப்பிலிருந்த இசக்கியை நீட்டினேன். "ஜெனி காப்பாத்துன பிள்ளம்மா."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவள் கையையும் காலையும் தடவிப் பார்த்தார்கள். பிறகு, "நல்லா கனக்காளே" என்று சொல்லி உடைந்து அழுதார்கள். இசக்கி ஒன்றும் புரியாமல் அவர்கள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நீ இல்லாமல் சங்கம் எதற்கு என்று உன் கூட்டாளிகள் சோர்ந்து கிடக்கிறார்கள். விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை. வேம்பார் வரைக்கும் அவர்களை வீடு வீடாக நானே கூட்டிப்போவேன். இசக்கியை உன் அம்மாவிடம் அடிக்கடி கொண்டுபோய் விடுவேன், அவர்கள் மடி காலியாக இருக்கிறது. உன்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்னால் முடியவில்லை, ஜெனி.

உன் கூடப் பிறக்காத அக்கா,
முத்துலட்சுமி