வதனியின் காணியில் செம்புள்ளிப் பூச்சி

மார்ச் 11, செவ்வாய்
காலையிலேயே கொதிக்கிற வெயில். பாடசாலை விட்டதும் குச்சவெளி பஸ். தங்கை வதனியின் சீதனக் காணியில் வீடு கட்டப் போகிறார்கள். எல்லைக் கட்டைகள் பார்த்துவரச் சொன்னாள். பார்க்கவில்லை. பின்பக்கப் புல்லுக்குள் அந்துப்பூச்சி! சாம்பல் சிறகு, செம்புள்ளி, பகலில் பறப்பது. கம்பஸில் படித்த காலத்தில் நிலாவெளிப் புற்தரையில் எவ்வளவு கண்டேன். அங்கே இப்போது விடுதி. சல்லி ஊர்ப் பக்கம் புல்லை எரித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இனி இல்லை என்றே நினைத்திருந்தேன்.
இன்று மூன்று. ஒன்றையே இரண்டு தரம் எண்ணினேனோ.
அரிசி, சவர்க்காரம், மிளகாய்த்தூள். ஒன்றும் வாங்காமல் வீடு.

12, புதன்
கூடப் படித்த நிர்மலாவுக்குப் படம் அனுப்பினேன். இப்போது விரிவுரையாளர். அதேதான் என்றாள். புழு அந்த ஒரு புல்லைத்தான் தின்னுமாம். புல் போனால் பூச்சியும் போகும், வேறு இடத்தில் வைத்தும் பிழைக்காதாம்.
வீட்டின் பின்பக்கம் அந்தப் புல்லின் மேல்தான் வரும்.
பத்தாம் ஆண்டு விடைத்தாள்கள் அப்படியே கிடக்கின்றன.

15, சனி
சொல்லிவிட்டேன். வதனி மீன் வெட்டியபடி கேட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து புருஷன் வீட்டில் ஓர் அறை, அதற்குள் நாலு பேர்.
“இனி ஏலாது அக்கா. உங்கட பூச்சிக்கு வேற எங்கயாவது புல்லு இருக்கும்.”
அதற்கு இந்தப் புல் மட்டும்தான் என்றேன்.
“எனக்கும் இந்தக் காணி மட்டும்தான்.”
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பின்னால் யாரோ: வெங்காயத்துக்குத் தண்ணி காணாது, வெங்காயத்துக்குத் தண்ணி காணாது.

16, ஞாயிறு
இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அவள் புருஷனிடம் கதைக்கலாமென்று போனில் கோல் எடுத்தேன். மணி அடிக்கமுன் வைத்துவிட்டேன். அவளைத் தாண்டிப் போவது சரியில்லை.
அலுமாரி அடுக்கினேன். பிறகு கலைத்து மறுபடி அடுக்கினேன்.

17, திங்கள்
மேசன் அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கிற நாள். அரைநாள் லீவு. போகும்போதே நூல் கட்டியாயிற்று. வீடு சின்னதாகத் தெரிந்தது. பின்பக்கம் புல்லைச் சுற்றிப் பழைய மீன்வலை. வதனியின் புருஷன் வேலியோரம், முகம் கொடுக்காமல்.
“பின் விறாந்தையை விட்டனான்,” என்றாள் வதனி. “அறை குறைக்கமாட்டன். பூச்சி வராட்டி நான் பொறுப்பில்லை.”
காட்டச் சொன்னாள். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் நின்றோம். காற்று மட்டும். ஒன்றும் வரவில்லை. ஏன் கேட்டேன் என்றிருந்தது. அவளுக்கு ஒரு விறாந்தை இல்லாமல் செய்துவிட்டேன்.

18, செவ்வாய்
மப்பு வானம். மூன்றாம் பாடத்தின் நடுவில் வதனியின் கோல். வகுப்பில் எடுப்பதில்லை, எடுத்தேன். குரல் கேட்கவே இல்லை, அவ்வளவு மெதுவாகக் கதைத்தாள்.
“அக்கா, ஒண்டு புல்லில குந்தியிருக்கு. முட்டை போடுது போல.”
படம் எடு என்றேன்.
“ஏலாது. கிட்டப் போனா எழும்பிடும்,” என்று வைத்துவிட்டாள்.