உன் கேபிளில் சிக்காத பிழை

என் செல்லப் போட்டிக்காரி கலாவுக்கு,

நீ போன பிறகும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. தங்கச்சியைப் பார்த்து வயிறெரிகிற அக்காவை யாரும் மெச்ச மாட்டார்கள். மெச்ச வேண்டாம். நீ கோட்டைவிட்ட ஒரு பிழையை ஒரே ஒரு தடவை நான் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஹட்டன் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசைக் கணினியோடு இணைக்கிற டிரைவர் மென்பொருளை இன்னும் நாங்கள்தான் சோதிக்கிறோம். கணினியைத் தானாக அணைத்து, தானாக எழுப்பி, எழுந்ததும் எடைகளைச் சரிபார்க்கிற அந்தச் சோதனையை முதலில் எழுதியது நான். நீ வந்த பிறகு அதை யார் நினைத்தார்கள்?

அந்த மழைக்காலம் ஞாபகமிருக்கிறதா? வட்டவளைப் பக்கத் தோட்டங்களில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கணினி திரும்ப எழும்போது தராசின் மேல் சாக்கு இருந்தால், டிரைவர் அந்தச் சாக்கையே பூச்சியமாக எடுத்துக்கொண்டது. அடுத்து நிறுத்தவர்களுக்கெல்லாம் எடை குறைந்தது. "ஏன்டி, நம்ம கொழுந்த ஒங்க மெஷினு தின்னுருச்சா?" என்று கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். ஆபீஸில் எங்கள் தராசு எப்போதும் காலி. என் சோதனை எல்லாவற்றுக்கும் பாஸ் போட்டது.

நீ ஒரு கேபிளைச் சொருகினாய். கணினியின் அடித்தளமான கெர்னல் எழும்போது சொல்கிற வரிகளையெல்லாம் பக்கத்துக் கணினியில் பிடித்தாய். சேமித்து வைத்த பூச்சியத்தைப் படிக்க முடியவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது.

"எந்திரிக்கும்போதே அது சொல்லிருச்சுக்கா. நாமதான் எந்திரிச்ச பொறகு போய் நலம் விசாரிக்கிறோம்" என்றாய்.

அப்படி ஒரு முறைப்பாடு வந்தாலே சோதனை தோல்வி என்று மாற்றியும் வைத்தாய். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? "சின்னவ கண்டுபுடிச்சிட்டா. பெரியவளும் அங்கனதான் இருந்தா" என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

காய்ச்சலில் நீ கண்ணை மூடியதும் உன் சோதனை என் கைக்கு வந்தது. குறை தேடினேன். ஆமாம், வேண்டுமென்றேதான் தேடினேன். போன வாரம் அகப்பட்டது. உன் கேபிளுக்குச் செய்தி வரத் தொடங்குவதற்கு முன்பே கணினி சில சமயம் விழுந்து, தானாகவே மறுபடி எழுந்துவிடுகிறது. இரண்டாவது தடவை சுத்தமாக எழுவதை மட்டும் பார்த்து உன் சோதனை பாஸ் போட்டது. கெர்னலை முதல் நொடியிலிருந்தே பேசவைத்தேன். பிழை சிவப்பாக வந்து நின்றது.

நம் மேலதிகாரி யாழ்ப்பாணத்து சேர் எழுந்து வந்து பார்த்தார். "உண்மையாச் சொல்லுறன், கலாவின்ரை வேலையை விட இது திறம்" என்றார். அம்மாகூட, "நீ கெட்டிக்காரிதான் புள்ள" என்றார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் கலா. ஆனால் தோற்றால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சோறு வேண்டாமென்று போய்ப் படுத்துக்கொள்வாயே, அதைப் பார்க்கத்தானடி இவ்வளவும் செய்தேன். இப்போது நான் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

அடுத்த மாதம் உன் இடத்துக்கு ஒரு பெண் வருகிறாள். படு சூட்டிகை என்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவள்மேல் நான் பொறாமைப்பட மாட்டேன். சத்தியம். அது உனக்கு மட்டும்தான்.

வயிறெரியும்
உன் அக்கா